அஞ்சு செகண்டு போதும்

தள்ளாதீங்க சார், தெறக்காது. பாட்டு ஓடிட்டிருக்கறப்ப வெளிய வர்றவங்களை விடுவாங்க, உள்ள போறவங்களை விடமாட்டாங்க. அதுதான் இந்த மன்றத்துச் சட்டம். சித்தெ இப்படி பெஞ்சுல உக்காருங்க. கடைசி உருப்படிதான் போயிட்டிருக்குது. முடிஞ்சதும் தெறப்பாங்க, அப்ப போயிக் கை தட்டிக்கலாம்.

நானுங்களா? நான் லேட்டா வந்தவனில்லீங்க. ரெண்டே முக்காலுக்கே வந்து மொத வரிசைல உக்காந்தவன். முன்னால மூணு பாட்டு பாடுனாங்க. அப்பவே வெளிய வந்திருப்பேன். பக்கத்துல ஒருத்தரு காலை நீட்டிட்டு உக்காந்திருந்தாரு, தாண்ட முடியலை. அவரு தண்ணி குடிக்க எந்திரிச்சாரு, நானும் எந்திரிச்சுட்டேன். அதுக்குள்ள இந்தக் கடைசி உருப்படிய ஆரம்பிச்சுட்டாங்க. நின்ன வாக்குல கேட்டேன். காம்போதி. நாலு செகண்டு. சொல்லப்போனா மூணுதான். மிச்சம் ஒரு செகண்டு செருப்பை மாட்டறதுக்கு ஆச்சு.

எடத்துல துண்டு போட்டுட்டுத்தான் வந்திருக்கறேன். பச்சைக் கரைத் துண்டு. மேடைல இருந்து பார்த்தா நல்லாத் தெரியும். துண்டு இருந்தா ஆளு இருக்கற மாதிரித்தானுங்க.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? ராகம் தெரிஞ்சப்புறம் உள்ள உக்காந்து என்ன பண்றது? மோட்டாருல பேரிங் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் ஓடவிட்டுக் கேட்டுட்டு இருப்பாங்களா?

எம் பேரு நாச்சிமுத்து. கணபதிங்கற ஏரியாவுல மோட்டார் காயில் கட்டற பட்டறை முப்பத்தெட்டு வருசம் வெச்சிருந்தேன். இப்ப மகன் பார்க்கறான். அன்னூரு, அவினாசிப் பக்கமெல்லாம் கேட்டுப் பாருங்க. கெணத்து மேட்டுல பம்ப்செட்டு மக்கர் பண்ணுச்சுன்னா எனக்குத்தான் போன் வரும். ஒண்ணும் பேச வேண்டாம், போனை மோட்டாருகிட்டக் காட்டுங்கன்னு சொல்லுவேன். ரெண்டு செகண்டு கேப்பேன். பேரிங்கு, இல்லை காயில் கருகிருச்சு, இல்லை தண்ணிக்குப் பதிலாக் காத்து வாங்குது. சொன்னாச் சொன்னதுதான். அவுத்துப் பார்த்தா அதுவாத்தான் இருக்கும்.

சங்கீதத்துக்கு எப்படி வந்தேன்னு கேளுங்க. பதினெட்டு வருசம் முன்னால ஒரு சபாவுல ஜெனரேட்டரு ரிப்பேரு, கூப்புட்டாங்க. வேலைய முடிச்சுட்டுக் கையத் தொடச்சுட்டுப் பின்னால நின்னேன். பாடறவரு வாயத் தெறக்கறாரு, வரிசைக்கு வரிசை ஆளுக ஒருத்தரையொருத்தர் முந்திட்டு என்ன ராகம், என்ன ராகம்னு குசுகுசுக்கறாங்க. சரியாச் சொன்னவரு மூஞ்சிய நீங்க பார்க்கோணுமே. தலைல கிரீடம் வெச்ச மாதிரி இருந்தது. அடடா, இது நம்ம தொழிலாச்சேன்னு எனக்குத் தோணிப்போச்சு.

வூட்டுக்காரி சுலோசனா கொஞ்சம் பாடுவா. உடுமலைல சின்ன வயசுல ஆறு வருசம் கத்துக்கிட்டவ. கல்யாணத்துக்கப்புறம் சமையக்கட்டுல பாடறதோட சரி. ஆரம்பத்துல ஒரு இருபது ராகம் அவதான் எனக்குப் பாடிக் காட்டுனா. இது இப்படி வளையும், இது இந்த எடத்துல நிக்கும்னு சொல்லுவா. அது அடிப்படைங்க, அதை ஆரு வேணாலும் சொல்லித் தரலாம். மேல வந்ததெல்லாம் என் சொந்த முயற்சி. பழைய கச்சேரிப் பதிவு எங்கெங்க கெடைச்சுதோ அத்தனையும் சேர்த்தேன். தொள்ளாயிரம் மணி நேரம் கம்ப்யூட்டர்ல இருக்குது. அத்தனைலயும் எடுப்பு, அதான் மொத அஞ்சு செகண்டு, எனக்கு மனப்பாடம். முழுசாக் கேட்டதில்லை, எதுக்குங்க அது.

உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன், நீங்க வெளியூருன்னு நெனைக்கறேன். எல்லாரும் பாட்டைக் கேப்பாங்க. அதுதான் தப்பு. பாட்டு எல்லாப் பதிவுலயும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதைச் சுத்தி இருக்கறதைக் கேக்கோணும். ஒரு பதிவுல எடுத்த ஒடனே ஆரோ ரெண்டு தடவை இருமுவாங்க, அது தோடி. இன்னொண்ணுல மைக்கு கீய்னு கத்தும், அது பைரவி. காக்கா கத்துனா முகாரி, அது ஒரு கோயில் மண்டபத்துல பதிஞ்சது. ஃபேன் கடகடன்னு ஓடுச்சுன்னா கல்யாணி. அந்த ஃபேன்ல புஷ் தேஞ்சிருக்குது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். வித்வான் வாயத் தெறக்கறதுக்குள்ள நான் சொல்லிருவேன்.

ஏமாத்தறதுங்களா? நல்லா இருக்குதே. காது குடுத்துக் கேட்டாத்தான அந்த இருமலு தெரியும்.

சேரி, விடுங்க. எங்க ஏரியாவுல ஒரு குழு இருக்குது. பேரே அஞ்சு செகண்டு ரசிகர் குழு. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்து மாடில கூடுவோம். பழைய பதிவுல இருந்து அஞ்சு செகண்டு கிளிப்பு போடுவாங்க, ராகம் சொல்லோணும், பாடுனது ஆருன்னு சொல்லோணும். வருசத்துக்கு ஒருக்கா, ஆவணில, இறுதிப் போட்டி. ஜெயிச்சவங்களுக்குப் பித்தளைல சின்னத் தம்பூரா ஒண்ணு. ஒரு வருசம் வூட்ல வெச்சுக்கலாம், அப்புறம் திருப்பிக் குடுக்கோணும். மூணு வருசமா அது எங்க வூட்டு ஷோகேஸ்லதான் இருந்தது. ஹோமியோபதி டாக்டர் அவினாசியப்பன்னு ஒருத்தரு, அவருதான் எனக்குப் போட்டி. முழுக் கச்சேரியும் கண்ணை மூடிட்டுக் கேக்கற ஆளு. எங்கீங்க ஜெயிக்கறது?

போன வருசம் வரைக்கும் கேள்வி போட்டவரு மககிட்ட பெங்களூர் போயிட்டாரு. அந்த எடத்துக்கு ஹேமலதா டீச்சர் வந்தாங்க. பொண்ணுக ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அங்கதான் சனி புடிச்சது.

அந்தம்மா என்ன பண்ணுச்சுன்னா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுச் சுத்தம் பண்ணிருச்சு. இருமல் இல்லை. காக்கா இல்லை. ஃபேன் இல்லை. வெறும் பாட்டு மட்டும். கழுவி வெச்ச தட்டு மாதிரி இருந்தது. நான் மொதக் கிளிப்புக்கே வேர்த்துப் போயிட்டேன். ஒண்ணும் புடிபடலை. டாக்டரு கண்ணை மூடிட்டுச் சொல்றாரு, சொல்றாரு, சொல்லிட்டே இருக்கறாரு. ஆறு முடியறப்ப எனக்கு ரெண்டு, அவருக்கு அஞ்சு.

ஏழாவது கிளிப்பு. ஒரு பொம்பளை பாடறா. பக்கவாத்தியம் ஒண்ணுமில்லை, வெறும் கொரலு. டாக்டரு சகானான்னு சொல்லிட்டாரு. பாடறது ஆருன்னு அவருக்குத் தெரியலை. டீச்சர் என்னைப் பார்த்து, நாச்சிமுத்தண்ணா, நீங்க சொல்லுங்கன்னு மைக்கைக் குடுத்தாங்க. அறுபது பேரு உக்காந்திருக்கறாங்க. மூணாவது வரிசைல சுலோசனாவும் இருக்கறா. டீச்சர்தான் கூப்புட்டு உக்கார வெச்சிருந்தாங்க, ஏன்னு எனக்கு அப்பத் தெரியாது.

நான் சொன்னேன். இது பெரிய பாடகி இல்லை. ஆரோ கத்துக்கற புள்ளை. சுருதி நிக்கலை, கொரல்ல சாரமில்லை, இந்த மாதிரி எல்லாம் போட்டில போட்டு எங்க நேரத்தை வீணடிக்காதீங்கன்னு மைக்குலயே சொன்னேன். தைரியமாச் சொன்னேன்.

டீச்சர் மைக்கைத் திருப்பி வாங்குனாங்க. அப்புறம் சொன்னாங்க. அண்ணா, இது சுலோசனாக்கா.

மண்டபமே சிரிச்சுதுங்க. டாக்டரு மட்டும் சிரிக்கலை, அவருக்கு அவ்வளவா வெவரம் பத்தாது. போட்டிக்கு முன்னால ஒரு நாளு, தம்பூராவுல எம் பேரு வெட்டறதுக்காக அதை வாங்கிட்டுப் போகலாம்னு டீச்சர் எங்க வூட்டுக்கு வந்திருக்காங்க. நான் மாடில கிளிப்பு கேட்டுட்டு இருந்தேன். கீழ இவ சாம்பாரு தாளிச்சுட்டே பாடியிருக்கறா. டீச்சர் சமையக்கட்டு வாசல்ல நின்னு போன்ல பதிஞ்சுட்டுப் போயிட்டாங்க. அதைத்தான் சுத்தம் பண்ணிப் போட்டிருக்கறாங்க.

நீங்களே சொல்லுங்க சார், நியாயமா இது? முப்பத்தாறு வருசமா அவ கொரலை நான் குக்கர் சத்தத்தோடதான் கேட்டிருக்கறேன். கரண்டிச் சத்தத்தோட, கொழாத்தண்ணிச் சத்தத்தோட. எங்க வூட்டுக் குக்கரு விசில் அடிக்கறதுக்கு முன்னால ஒரு இழுப்பு இழுக்கும், ஆஸ்துமாக்காரனாட்ட. அதை எடுத்துட்டு வெறும் கொரலை மட்டும் போட்டா ஆருக்குத் தெரியும்? எந்தப் புருசனுக்குத் தெரியும்?

நான் விடலீங்க. குழுத் தலைவருக்கு ரெண்டு பக்கம் மனு எழுதுனேன். ஏழாவது கிளிப்பை ஒரிஜினலாப் போட்டு மறுபடி கேக்கோணும், இல்லைன்னா போட்டி செல்லாதுன்னு எழுதுனேன். அடுத்த ஞாயிறு போட்டாங்க. அதுக்கும் அறுபது பேரு வந்திருந்தாங்க, இன்னும் எச்சாவே வந்திருந்தாங்க. சுலோசனாவையும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். எந் தெறமைய அவ கண்ணால பார்க்கோணும்ல.

கிளிப்பு ஆரம்பிச்சுது. ஒரு செகண்டுங்க. ஒரே செகண்டு. அவ வாயக்கூடத் தெறக்கலை. எங்க வூட்டுக் குக்கருன்னு சொல்லிட்டேன்.

ஒரு மார்க்கு குடுத்தே ஆகவேண்டியதாப் போச்சு. தம்பூரா டாக்டருக்குத்தான் போச்சு, அது வேற கதை. ஆனா எங் காது சரியா இருக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சுது. சந்தோசமா வெளிய வந்தேன். ஆட்டோவுல இவ ரோட்டையே பார்த்துட்டு வந்தா. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா. ஒண்ணுமில்லைன்னு சொன்னா ஒண்ணுமில்லைன்னுதானுங்க அர்த்தம்?

அதுக்கப்புறம் வூட்ல பாடறதை நிறுத்திட்டா. ரெண்டு மாசம். குக்கரு சத்தம் மட்டும் வந்துச்சு, அவ சத்தம் வரலை. எனக்கு ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, தொந்தரவு இல்லாமக் கிளிப்பு கேட்டேன். ஒரு நாளு மாடில இருந்து எறங்கி வந்து கேட்டேன், ஏன் இப்பல்லாம் பாடறதில்லைன்னு. அவ சொல்றா, எப்பத்தில இருந்து பாடறதில்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்னு. அது எப்படிங்க எனக்குத் தெரியும்? தேதியெல்லாம் ஆரு குறிச்சு வெக்கறாங்க?

ஆனா தெனமும் நாலு மணிக்கு எங்கியோ போயிட்டு வந்தா. கோயிலுக்குன்னு நெனைச்சேன். டீச்சர் வூட்டுக்குப் பாடிப் பழகப் போயிருக்கறா. சாதகம். அறுபது வயசுல சாதகம். இந்த மார்கழிக்கு மன்றத்துல ஒரு மதியக் கச்சேரி, முக்கா மணி நேரம், டீச்சரே எடம் வாங்கிக் குடுத்துட்டாங்க. வாசல்ல போர்டு பார்த்தீங்களா? திருமதி சுலோசனா நாச்சிமுத்துன்னு போட்டிருக்குது. அந்த நாச்சிமுத்து நான்தான்.

ஆமாங்க, அவதான். உள்ள பாடிட்டு இருக்கறது அவதான். இதென்ன இப்படி அதிர்ச்சியாகறீங்க? அதைத்தான் நான் மொதல்லயே சொன்னனே, காம்போதின்னு.

இதுல ஒரு சின்ன விசயம் இருக்குது. உடுமலைல அவ தங்கச்சி ஒரு பாட்டு வகுப்பு நடத்தறா. புள்ளைக எச்சாயிருச்சு, நீ வந்து இங்கயே தங்கிச் சொல்லிக் குடுன்னு மூணு மாசமாக் கூப்புடறா. மேல ஒரு ரூமு காலியா இருக்குதாமா. இவ இன்னும் பதில் சொல்லலை. நேத்து சாயங்காலம் துணியெல்லாம் மடிச்சு ஒரு பொட்டில வெச்சுட்டு இருந்தா. என்னதுன்னு கேட்டேன். கையத் தொடச்சுட்டு வந்து எம் முன்னால உக்காந்தா.

'ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு வர்றதுன்னா கடைசி வரைக்கும் உக்காந்திருங்க. நடுவுல எந்திரிச்சுப் போகாதீங்க. முடியாதுன்னா வராதீங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். வந்துட்டு எந்திரிச்சுப் போனீங்கன்னா, நான் தங்கச்சிக்குச் சரின்னு சொல்லிருவேன்.'

கோவமாச் சொல்லலீங்க. மெதுவா, பொட்டாட்டத்தான் சொன்னா. சேரின்னேன். வாக்குக் குடுத்தேன். அதான் வந்திருக்கறனே.

கடைசி வரைக்கும்னா என்னங்க அர்த்தம்? ராகம் தெரியற வரைக்கும். அதுக்கு மேல என்ன இருக்குது? தெரிஞ்சுகிட்டு உக்காந்திருக்கறது கபடமில்லீங்களா? தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு கால் மணி நேரம் தலைய ஆட்டறது எனக்கு வராது. துண்டு வேற இருக்குது. அவ போகவெல்லாம் மாட்டா. முப்பத்தாறு வருசம் போகாதவ இன்னிக்கா போயிருவா?

கேக்குதுங்களா? கை தட்டறாங்க. கதவு இவ்வளவு கனம், அதையும் மீறிக் கேக்குது. ரொம்ப நேரம் தட்டறாங்களே. ஒருக்கா எனக்குத் தம்பூரா குடுத்தப்ப தட்டுனது இதுல பாதி இருக்குமா? சேரி, தெறந்துட்டாங்க. எந்திரிங்க. இல்லை, உக்காருங்க, அத்தனை பேரும் வெளிய வர்றாங்க. முடிஞ்சுபோச்சு போல இருக்குது.

டாக்டரு வர்றாரு பாருங்க, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு. என்னங்க டாக்டர், காம்போதிதானுங்களே? … என்னது? … விருத்தமா? … சேரி, சேரி, போயிட்டு வாங்க.

கேட்டீங்களா சார். தாளமில்லாம ராகம் மாத்தி மாத்திப் பாடற விருத்தமாமா அது. காம்போதி ஆரம்பம் மட்டும்தானாமா. அப்புறம் மூணு ராகம் மாத்தியிருக்கறா. கடைசியா வந்தது சகானாவாமா. அதே சகானா, அந்த ஏழாவது கிளிப்புல இருந்தது. அதைப் பாடி முடிக்கற வரைக்கும் மொத வரிசைல அந்தத் துண்டையேதான் பார்த்துட்டுப் பாடுனாளாமா. டாக்டரு சொல்றாரு. அவரு மூஞ்சிய ஏன் அப்படித் திருப்பிட்டுப் போறாரு?

நான் சொன்னது தப்பில்லீங்க. நான் கேட்டப்ப அது காம்போதி. ஒரு ராகத்துல எடுத்தா அதுலயே முடிக்கறதுதான் மொறை. நாலு ராகம் வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலையும் நின்னு கேட்டுட்டு வந்திருப்பேன். இருபது செகண்டு ஆயிருக்குமா?

அந்தா வர்றா. அரக்குச் சேலை, டீச்சர்கூட. அவ கைல எந் துண்டு இருக்குது. சுலோசனா, இங்கதான் இருக்கறேன். சித்தெ காத்து வாங்கலாம்னு இப்பத்தான்… என்ன? … காம்போதி.

பார்த்தீங்களா சார்? என்னங்க ராகம்னு அவளே கேட்டா. காம்போதின்னேன். சரியாச் சொல்லிட்டீங்கன்னுட்டா. நீங்க சாட்சி. சிரிச்சுட்டேதான் சொன்னா, இல்லீங்களா? துண்டை எவ்வளவு நல்லா மடிச்சுக் குடுத்திருக்கறா பாருங்க, நாலா மடிச்சு, கரை வெளிய தெரியற மாதிரி. கோவமிருந்தா மடிப்பாங்களா?

டீச்சர் காருல எதுக்கு ஏறறா? நாங்க ஆட்டோவுல வந்தோம். அந்தப் பொட்டி ஏன் அந்தக் காரு டிக்கில இருக்குது? காலைல வூட்டு ரூமுக்குள்ளதான் இருந்தது, மத்தியானம் டீச்சர் வந்துட்டுப் போனாங்களே, அப்ப எடுத்துட்டாங்களா? எங்க வூடு எடது பக்கங்க. அவங்க வலது பக்கம் திருப்பறாங்க. உடுமலை ரோடு அது.

சித்தெ பேசாம இருங்க சார். கேளுங்க. அந்தக் காரு திரும்பறப்ப முன்னாடி சக்கரத்துல ஒரு முனகல் வருது, கேட்டீங்களா? பேரிங்கு. போயிருச்சு. ரெண்டு செகண்டுதான் கேட்டேன். சொன்னாச் சொன்னதுதான். பொள்ளாச்சி தாண்டாது அது, நடுவழில நின்னுரும். நின்னா அவ எனக்குத்தான போன் பண்ணோணும்? போனைச் சக்கரத்துகிட்டக் காட்டுன்னு சொல்லுவேன். வேற ஆருக்குங்க பண்ணுவா?